ஹுமைராவின் முதல் சொல்

"அத்தா" என்றாள் ஹுமைரா. கணீரென்று சொன்னாள்.

"கேட்டீங்களா டீச்சர்? பேசுற பிள்ளைக்கு எதுக்கு கையாட்டுற கிளாஸ்?" என்று தாவூத் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்த மற்றப் பெற்றோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். பிறவியிலேயே காது கேளாத மகளை, மனைவி ஜுபைதா இரண்டு மாதமாக அவருக்குத் தெரியாமல் கொமுட்டர் ரயிலேற்றி, பிரிக்பீல்ட்ஸில் கைமொழி வகுப்புக்கு அழைத்து வந்திருக்கிறாள். விஷயம் காலையில்தான் தெரிந்தது. பிள்ளையின் பெயரை வெட்ட வந்திருந்தார்.

"நாலு பேர் பாக்க கைய ஆட்டிக்கிட்டு நின்னா ஊமைன்னுதானே சொல்லுவான்? எம் மானம் போயிடும் லா."

மானம்! ஏழு வயதுப் பிள்ளைக்குப் பசியை, வலியை, பயத்தைச் சொல்ல வழியில்லை. அதில் போகாத மானம் கையாட்டினால் போய்விடுமாம்.

"இப்ப அவளுக்கு நூறு சொல்லுக்கு மேல தெரியும் அண்ணே" என்றார் பெர்னடெட் டீச்சர்.

"சத்தமே வராதது என்ன சொல்லு? நான் ரெண்டு வருஷம் உக்கார வச்சு, கையத் தூக்கினா தட்டிவிட்டு, வாயால சொல்ல வச்சிருக்கேன்."

இரண்டு வருடத்தில் ஒரு சொல். அதுவும் அப்பா என்று அவரைக் கூப்பிட. மனிதருக்கு வெட்கம் வரவில்லை, பெருமை வந்தது.

"என்னங்க, இங்க வந்தப்புறம்தான் அவ சிரிக்கிறா..." என்று ஜுபைதா ஆரம்பித்தாள்.

"நீ வாய மூடு."

மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "இன்னொரு தடவ சொல்லு." சொன்னாள். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டாமா? வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். பெஞ்சில் யாரோ கைதட்ட, மார்பு இன்னும் விரிந்தது.

"பேரு வெட்டுற பாரத்தக் குடுங்க டீச்சர், சைன் பண்ணிட்டுப் போறேன்."

"குடுக்கிறேன். அதுக்கு முன்ன அவகிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன்."

பெர்னடெட் பிள்ளையின் முன்னால் குந்தினார். உதட்டை மட்டும் அசைத்து 'அத்தா' என்றார். பிறகு, அப்படியென்றால் என்ன என்று கையால் கேட்டார்.

ஹுமைராவின் முகம் மலர்ந்தது. தன் கன்னத்தில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள்.

தாவூத் சிரித்தபடி தாடியைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களா? என் தாடியக் காட்டுறா. பெத்த அத்தாவத் தெரியாமப் போகுமா?"

டீச்சர் ஜுபைதாவைப் பார்த்தார். வகுப்புக்குத் துணையாக வந்து உட்கார்ந்ததில் அவளுக்கும் கைமொழி கொஞ்சம் பழகியிருந்தது.

"தாடி இல்லைங்க" என்றாள் ஜுபைதா. "மிட்டாய்ங்குறா."