முகவரிக் கட்டம்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள இன்டர்நெட் கடையில் கணினியின் நீல வெளிச்சம் வீரம்மாவின் முகத்தில் விழுகிறது. பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் கதவு வரை வந்து நிற்கிறது. கொழுந்து பறித்த மலையிலிருந்து நேராக வந்தவளின் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நாற்காலியில் ஈரம் சொட்டுகிறது. அவள் குடியிருக்கும் லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு வெடித்து, பிளவில் கை நுழைகிறது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அதைப் பற்றிக் கேட்கப் போன இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது. அதனால்தான் அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பும் முறைப்பாட்டுப் பக்கம்.

"தொரைக்குத் தெரிய வராதுல்ல?"

"இது நேரா கொழும்புக்குப் போகுதுக்கா. அட்ரஸ் சொல்லுங்க," என்கிறாள் கடை நடத்தும் லோஜினி. தோட்டத்தின் பெயர், மூணாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரா. விசைகள் தடதடக்கின்றன. கடைசியாக ஒரு சொடுக்கு. "போயிருச்சு. பதில் கடிதம் ஒங்க பேருக்கே, வீட்டுக்கே வருமாம்."

வீரம்மாவின் முகம் மலர்கிறது, மலர்ந்தபடியே நின்றுவிடுகிறது. எந்தத் தபால்காரனும் லயத்துக்கு ஏறி வந்ததில்லை. எல்லோருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அரசாங்க முத்திரை இருந்தால் பெரிய கிளாக்கர் அதைப் பிரித்துத் துரையின் மேசையில் வைத்துவிடுவார்.

"தங்கச்சி, அதத் திருப்பி எடுத்துரு."

லோஜினி திரையில் மேலும் கீழும் தேடுகிறாள். அனுப்புவதற்கு மட்டும்தான் பொத்தான் இருக்கிறது.