சேதம் இல்லை

நாற்காலி முதல் தடவை குலுங்கியபோது நதீம் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருந்தான்.

எதிரி பின்னால் ஏறிவிட்டான் என்று நினைத்து ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்தான். திரையின் ஓரங்கள் கறுத்தன. ஏழு ஜி. நிஜ விமானிக்கு ரத்தம் காலுக்கு இறங்கும்போது கண் இப்படித்தான் இருட்டும். இந்த விளையாட்டு அதையும் விட்டுவைக்கவில்லை.

இன்னொரு அடி.

அடி வாங்கினால் உடம்பில் தெரிய வேண்டும் என்றுதான் போன வாரம் நாற்காலிக்கு அடியில் அதிர்வுப் பெட்டியைப் பூட்டினான். குண்டு பட்டால் குலுங்கும். சக்கரம் தரையைத் தொட்டால் குலுங்கும்.

"பட்டுச்சாடா?" ஹெட்போனில் தமிழ்மணி. இண்டூரில் அவன் வீட்டிலிருந்து ஜோடியாகப் பறக்கிறவன்.

"பட்டுது. பேனல்ல ஒண்ணும் எரியல."

"முப்பது எம்எம் குண்டு மச்சி. பட்டிருந்தா பேனலே இருக்காது. நல்லாப் பாரு."

பார்த்தான். ஹைட்ராலிக் அழுத்தம் சரி. இரண்டு இன்ஜினும் சரி. எரிபொருள் ஒழுகவில்லை. ஒரு எச்சரிக்கை விளக்குகூட இல்லை.

மூன்று. நான்கு.

கீழே தங்கை மெஹக் தனியாக இருந்தாள்.

அவள் புருஷன் சோஹைல் முதலில் கையை ஒடித்தான். அப்புறம் விலா எலும்பு. மூன்றாவது தடவை கழுத்தைப் பிடித்தான். அன்றைக்கே அரூரில் கட்டிய துணியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். பிரித்துவிடச் சொல்லி ஜமாத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. இன்று மதியம் பேச்சு. அப்பாவும் அம்மாவும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். சோஹைலையும் அங்கேதான் வரச் சொல்லியிருந்தார்கள்.

"யாரு வந்தாலும் கதவத் தொறக்காத. அவளத் தனியா வுடாத," என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா செருப்பை மாட்டினார்.

நதீம் முன்கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மச்சுக்கு ஏறினான். சோஹைல் இந்நேரம் ஜமாத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பான். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

ஐந்து. ஆறு. ஏழு.

நேர் கீழிருந்து வந்தது. முதுகுத்தண்டு வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டான். இந்தச் சர்வரில் ஆளுக்கு ஒரு உயிர். செத்தால் ஒரு மாதத்துக்கு உள்ளே விட மாட்டார்கள். முப்பத்தெட்டு நாளாக அவன் சாகவில்லை.

"வெளிய குதிச்சிரு மச்சி."

"மாட்டேன். இப்பதான்டா நெசமா இருக்குது."

எட்டு. ஒன்பது.

மூக்கைக் கீழே தள்ளி, இடது பக்கம் புரண்டு, எதிரியின் வாலுக்குப் பின்னால் விழுந்தான். ஏவுகணை எதிரியின் சூட்டைப் பிடித்துக்கொண்டு காதில் கத்தியது. விட்டான். அங்கே ஒரு இறக்கை பிய்ந்தது. விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எரிந்தது. கண்ணாடிக் கூடு திறந்தது. ஆள் வெளியே வந்தான். பாராசூட் பாதி விரிந்து தீப்பிடித்தது. நதீம் வட்டமடித்து, அவன் தரையில் மோதுகிற வரை பார்த்தான்.

அப்போது இன்னும் இரண்டு. இவை வேறு மாதிரி இருந்தன. கீழிருந்து வரவில்லை. பக்கவாட்டில், கனமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு.

"எறக்கையில வாங்கியிருப்ப," என்றான் தமிழ்மணி.

அப்புறம் எதுவும் இல்லை.

வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை இறக்கி, ஓடுதளத்தில் வைத்தான். நாற்காலி அசையவே இல்லை. அவ்வளவு மெதுவாக அவன் இதுவரை இறக்கியதில்லை.

"பதினொண்ணு வாங்கிக்கிட்டு எறக்கிட்டியேடா. மனுசனா நீ?"

நதீம் சிரித்தான். முறைப்படி இன்ஜின்களை ஒவ்வொன்றாக அணைத்தான். திரையில் அறிக்கை வந்தது. வீழ்த்தியது: ஒன்று. சேதம்: இல்லை.

இதை எழுதினவனுக்கு நிஜ விமானம் தெரியாது என்று திட்டினான். பெட்டியின் திருகு லூஸாகியிருக்கும் என்று நாற்காலிக்கு அடியில் குனிந்தான்.

திருகு சரியாக இருந்தது. பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது.

அது இருக்க வேண்டிய சுவர்த் துளையில் மெஹக்கின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். கீழே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மச்சுக்குத் தளம் வெறும் மரப்பலகை. ஹெட்போன் போட்டுவிட்டால் இவனுக்குக் காது கிடையாது என்பதால், சாப்பிடக் கூப்பிட அம்மா உலக்கையை எடுத்துக் கீழிருந்து பலகையில் இடிப்பாள். இரண்டு இடி. பலகை காலில் அதிரும். எழுந்து போவான்.

படியில் இறங்கினான்.

பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. சோஹைல் குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தான். நதீமைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினான்.

"எத்தன வாட்டி இடிச்சா தெரியுமா? நீ வூட்டுல இல்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

மெஹக் மச்சைத் தாங்கும் மரத்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை மார்பில் கிடந்தது. உலக்கை அவள் கையில் இல்லை. சோஹைலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

நதீம் அவளைப் பார்க்காமல் மேலே பார்த்தான். பலகையில் அம்மா இடித்த பழைய வடுக்களுக்கு நடுவே உலக்கைப் பூண் பதிந்த புது வட்டங்கள். பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, உள்ளே மரம் புதிதாகத் தெரிந்தது.

எண்ணினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

ஒன்பதுதான் இருந்தது.