மாடுகள் குடித்த தொட்டி

தண்ணீர் பாட்டில் உள்ளே வரக்கூடாது என்பது விதி. பிரியந்தியின் பையில் பாட்டில் இருந்ததைப் பார்த்தும் நான் அவளை விட்டேன்.

ஒடாஹுஹு என்கிற இந்த வெளிநாட்டு ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு நான் காவலாளி. ஸ்காட்லாந்திலிருந்து வந்திருக்கும் மூன்று கல்தொட்டிகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் மூன்று மாதமாக என் வேலை. என் விசாவும் இந்த வேலையில்தான் தொங்குகிறது.

இன்று கண்காட்சியின் கடைசி நாள். நாளைக் காலையில் கற்களைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிடுவார்கள்.

பிரியந்தி நேராக நடுத்தொட்டியிடம் போனாள். தோளில் ஐந்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எண்ணூறு வருடத்துக் கல். சுற்றிலும் கொடி, கொடிக்குள் தன் வாலையே கடிக்கும் ஒரு மிருகம். ஒரு காலத்தில் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் இதில்தான் ஞானஸ்நானம். பிறகு இது இருந்த கோயில் இடிந்தது, ஊரும் இல்லாமல் போனது. இருநூறு வருடம் ஏதோ ஒரு பண்ணையில் மாடுகள் இதில் தண்ணீர் குடித்தன. பக்கத்து அட்டையில் எழுதியிருப்பதுதான், எனக்கு மனப்பாடம்.

பிரியந்தி மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். போன மாதம் தன் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டாள். தகப்பன் இந்து, கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது, அதனால் இப்போது முடியாது என்றார் சுவாமியார். தகப்பனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அதையும் சொன்னார். நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம், வேறு மதத்தவர்கூட. சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் அப்படி நடந்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். இப்போது என்ன ஆபத்து என்று கேட்டதற்கு என்னை முறைத்தாள்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டி நின்று பாட்டிலை நீட்டினாள்.

"மாடு குடிக்கேக்க ஒருத்தரும் கலியாணச் சர்டிபிகேட் கேக்கேல்ல. நீங்களே ஊத்துங்கோ."

இடிந்துபோன கோயிலில் மாட்டேன் என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கல்லைத் தேடி வந்திருந்தாள்.

தலைக்கு மேல் கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாக்கிடாக்கியை அணைத்தேன்.

அவள் குழந்தையின் தலையைத் தொட்டிக்கு மேல் பிடித்தாள். ஸ்ரெல்லா என்று பெயர் சொல்லி மூன்று தடவை ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. எனக்கு வார்த்தை தடுமாறவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு கூடமே அதிரக் கத்தியது. தண்ணீர் தொட்டியின் அடியில் போய்த் தங்கியது. இத்தனை வருடம் கழித்தும் கல் ஒழுகவில்லை.

மேற்பார்வையாளர் ராகேஷ் ஓடி வந்தார். அவர் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, பேட்ஜைப் பார்த்துத்தான் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். துடை என்று துணியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

என்மேல் வந்த கோபத்தை அவர் பிரியந்தியிடம் காட்டினார்.

"பிள்ளையோட அப்பா எங்கம்மா? அவரை உள்ள வரச் சொல்லு. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

பிரியந்தி ஈரத் தலையோடு அழுத குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது என் பேட்ஜைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது.

"சொல்லுங்க சார்," என்றேன்.