கொத்தனாருக்கு இடுப்புப் பிடிப்பு

"போன மாசம் பிரசங்கத்துக்கு நடுவுலயே மயங்கி விழுந்தீங்க. வாரத்துல ஒரு நாளாவது ஓய்வெடுக்கலைன்னா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியும் கேட்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கொத்தனார் இடுப்பு பிடிச்சுப் படுத்திருக்கார். ஜெபம் பண்ணக் கூப்பிடறார். நான் ஓய்வெடுக்கவா?" என்று கிளம்பினார் பாஸ்டர்.

ஜெபம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

"படுத்தே கிடந்தா பைத்தியம் பிடிக்குதுங்க ஐயா. ஒரே ஒரு ஆட்டம் கேரம் போடுவோமா?" என்றார் கொத்தனார்.

நோயாளி கேட்டால் எப்படி மறுப்பது? ஒரு ஆட்டம் ஆறு ஆட்டமானது. சிவப்புக் காயைப் போட்டதும் பாஸ்டர் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"வீட்ல ஓய்வெடுத்திருந்தா இந்தச் சிரிப்பு கிடைச்சிருக்குமா?"

அவர் தெருமுனையைத் தாண்டியதும் கொத்தனார் துள்ளி எழுந்தார். வாசலில் கிடந்த சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே போன் போட்டார்.

"அம்மா, ஐயா கிளம்பிட்டார். மூணு மணி நேரம் உட்கார வச்சுட்டேன்."

"ரொம்ப நல்லதுண்ணே," என்றாள் பாஸ்டரின் மனைவி.

"போன வாரம் தையல்காரர், இந்த வாரம் நான். அடுத்த வாரம் யாரும்மா படுக்கறது?"

"டாக்டர்தான். எனக்கும் ஒரு நாள் குடுங்கன்னு அவரே கேட்டு வாங்கிட்டார்!"