தட்டு விடாத துண்டு

ரொட்டி, முட்டை, வெல்லம், பச்சை மிளகாய் போட்டு மரகதம் ஓவனில் வேகவைத்த காலைப் பலகாரத்தை வீடே வழித்துத் தின்றது. செய்தவளுக்கென்று ஒருவரும் ஒரு துண்டு ஒதுக்கவில்லை. ஓவன் தட்டுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக மிஞ்சிய மூலைத் துண்டை விடாமல் பிடித்துக்கொண்டது.

“விடப்பா, மகன் கேட்கிறான்,” என்றது கரண்டி.

“அவன் மூணு துண்டு முழுங்கினது போதாதா? இது செஞ்சவளுக்கு. நீ வேணும்னா முட்டிப் பாரு.”

கரண்டி முட்டி முட்டி ஓய்ந்தது. எல்லோரும் அலுத்துப்போய் எழுந்தார்கள். கடைசியில் மரகதம் வந்தாள். தட்டு பிடியைத் தளர்த்தியது. துண்டு முறுகலாக, முழுசாக வந்தது.

“டேய், வந்துருச்சுடா. இந்தா,” என்று மகன் வாயில் ஊட்டினாள்.

ஊறப்போட்ட தண்ணீருக்குள் கிடந்து தட்டு பொருமியது: “ஏன், இவளுக்கு வாய் இல்லையா?”