மணலில் இரண்டு பெயர்

"ரூனாவுக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது. தலைகீழா நின்னாலும் கிடையாது" என்றாள் பெரிட்.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஒரு பாறைத் தீவு. நாற்பது நாள் டிவி போட்டி அன்றோடு முடிகிறது. மிஞ்சியிருப்பவர்கள் ரூனா, லுட்விக் இரண்டே பேர். இவர்களில் யார் ஜெயித்தவர் என்று ஓட்டுப் போட்டுச் சொல்லப் போவது, முன்பே வெளியேற்றப்பட்ட ஏழு பேர். வெட்டுப்பட்டவன் கையிலேயே கத்தியைக் கொடுக்கிற விளையாட்டு.

பெரிட் அந்த ஏழு பேரில் ஒருத்தி. இருபது வருஷமாக ஐஸ் ஹாக்கி ரெஃப்ரி. தப்பு செய்தால் சொந்தப் புருஷனையே இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைப்பாள் என்று ஊரில் சொல்வார்கள்.

"அவ ஆட்டத்தைத்தானே ஆடினா?" என்றாள் கைசா. அவளும் வெளியேற்றப்பட்டவள்தான்.

"எதும்மா ஆட்டம்? மறுநாள் போட்டி என்னன்னு தினம் கடிதம் வந்ததும் ஸ்டூரே கையிலேருந்து பிடுங்கிப் படிச்சது யாரு? யாரை வெளியேத்தணும்னு குச்சியால மணல்ல பேரை எழுதி, 'இதை எழுதுங்க'ன்னு காட்டினது யாரு? நாம என்ன ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களா?"

"அது கொஞ்சம் ஓவர்தான்."

"எல்லாத்துக்கும் மேல, கூடவே நின்ன ஸ்டூரேயையே கவுத்துட்டாளே!"

ஸ்டூரே ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார். வடக்கே காட்டில் மரம் வெட்டுகிறவர். அறுபத்தொரு வயது.

"உங்க ஓட்டு யாருக்கு, ஸ்டூரே?" என்று கேட்டாள் பெரிட்.

"அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.

பெரிட் விரல் விட்டு எண்ணினாள். லுட்விக்குக்கு மூன்று பேர் உறுதி. அவளோடு நாலு. ஏழில் நாலு போதும். கூட்டுச் சேர்ந்து ஆடியவளைத் தோற்கடிக்க இவர்களும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் கடற்கரையில் கேள்வி நேரம். பெரிட்தான் முதலில் எழுந்தாள்.

"ரூனா, ஸ்டூரேயை வெளியேத்தின அன்னிக்கு வந்த கடிதத்துல, மறுநாள் எழுத்துப் பலகைப் போட்டின்னு இருந்துச்சு. ஒவ்வொருத்தரா கேமரா முன்னாடி நின்னு, கலைஞ்ச எழுத்தை அடுக்கி வாக்கியமாக்கணும். அதுல நீதான் கெட்டிக்காரி. ஸ்டூரே உனக்குப் போட்டியே இல்ல. அப்புறம் ஏன் அன்னிக்கே அவரை வெளியேத்தின?"

ரூனா ஒரு கணம் ஸ்டூரேயைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவர் பலசாலி. இருந்தா என்னை ஜெயிச்சுருவார்னு பயந்தேன்."

"அவர்கிட்ட மன்னிப்பாவது கேப்பியா?"

"மாட்டேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்."

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெரிட்டுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பேசறவங்க முகத்தைப் பாரு! அங்க என்ன கால்ல கோலம் போட்டுக்கிட்டு நிக்கிற?"

"உன் கேள்வி முடிஞ்சுதா, பெரிட்?" என்றாள் ரூனா. கால் கட்டைவிரல் மட்டும் நிற்கவேயில்லை.

தோற்கப் போகிற நேரத்திலும் எவ்வளவு திமிர் என்று பெரிட் பல்லைக் கடித்தாள்.

ஓட்டு ஆரம்பித்தது. பத்தடி தள்ளி ஒரு மேஜை. ஒவ்வொருவராகப் போய், தாளில் பெயரை எழுதி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஐந்து பேர் போட்டுவிட்டு வந்தார்கள். ஆறாவதாக ஸ்டூரே எழுந்தார். உடனே ரூனா நின்ற இடத்தை விட்டு நகர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் பெரிட் பார்த்தாள். மணலில் பெரிய எழுத்தில் இரண்டு பெயர்கள்.

'ஓட்டு நேரத்துல பிரச்சாரமா? ஃபவுல்!'

துள்ளி எழுந்தாள். இல்லாத விசிலைத் தேடிக் கை கழுத்துக்குப் போனது. போன கை அப்படியே நின்றது.

மணலில் முதலில் இருந்தது லுட்விக்கின் பெயர். ரூனாவின் பெயரைவிடப் பெரிதாக, தெளிவாக இருந்தது. எந்தப் பைத்தியக்காரி எதிராளிக்குப் பிரச்சாரம் செய்வாள்?

மேஜையருகே ஸ்டூரே நிமிர்ந்து மணலைப் பார்த்தார். குனிந்து எழுதினார். மறுபடி நிமிர்ந்தார், எழுதினார். பெரிட் எண்ணினாள். நாலு தடவை, தடவைக்கு ஒரு எழுத்து. அவர்கள் எழுத்தில் லுட்விக் ஆறெழுத்து, ரூனா நாலெழுத்து.

பெரிட் தொப்பென்று உட்கார்ந்தாள்.

இந்த நாற்பது நாளில் அந்த மனிதர் ஒரு வரி படித்து அவள் பார்த்ததில்லை. கடிதம் வந்தபோதெல்லாம் கண்ணாடியைக் காணோம் என்று சட்டைப்பையைத் தடவுவார். அதற்குள் ரூனா வாங்கிப் படித்துவிடுவாள். மணலில் பெயரை எழுதிக் காட்டியதும் எல்லோருக்காகவும் இல்லை, அந்த ஒருவருக்காக. எழுத்துப் பலகை முன்னால் நாடே பார்க்க அவர் திணறி நிற்காமல் போனதும் அவளால்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லா ஓட்டும் அவளுக்குத்தானே, சண்டாளி" என்று வாய்க்குள் முனகினாள். கண் கரித்தது.

"கடைசி ஓட்டு. வாங்க, பெரிட்" என்றார் போட்டியை நடத்துகிறவர்.

கேமராவும் அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. பெரிட் நேர் வழியை விட்டு, அந்த மணல் மேலேயே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். இரண்டு பெயரும் இருந்த இடம் தெரியாமல் போயின.

"அங்க ஏதோ எழுதியிருந்துச்சே?" என்றார் அவர்.

"நான் எதையும் பாக்கல."

இருபது வருஷத்தில் ஒரு ஃபவுலையும் பார்க்கத் தவறாத பெரிட் இதைச் சொல்லிவிட்டு, தாளை இழுத்து நாலெழுத்து எழுதினாள்.