ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு பூச்சாடி

தவமலர் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பியோனிப் பூ விதைகளை ஒரு பூச்சாடியில் ஊன்றிப் பின்வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். முதல் பனி விழுந்த அன்று அவள் கணவர் சபாநாதனுக்கு மனம் கேட்கவில்லை. சாடியை உள்ளே தூக்கிவந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, அவளுடைய சால்வையையும் சுற்றிவிட்டார். அவளுக்குச் செய்ய முடியாததையெல்லாம் குளிர்காலம் முழுக்க அதற்குச் செய்தார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் அவரிடம் மட்டும் சொல்லி, பனி கரைந்தபின் அவளை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு முதல்நாளே சாடி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

“இஞ்சருங்கோ, இந்தமுறை ஸ்னோ நல்லாக் கொட்டினதே?” என்று அவள் கேட்டாள். “அந்தக் குளிர் பட்டாத்தான் இந்த விதை முளைக்கும். இல்லாட்டி அடுத்த விண்டர் வரைக்கும் மண்ணுக்குள்ளயே கிடக்கும்.”

“கொட்டு கொட்டெண்டு கொட்டினது” என்றார் சபாநாதன்.

தினமும் காலையில் அவள் சாடிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காற்றுக் குளிர்ந்தபோது அவர் அந்தச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். அதன் மடிப்பில் காய்ந்திருந்த சாடி மண்ணை அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“வாற விண்டருக்கு இந்தச் சாடியை உள்ளுக்கு எடுத்துப்போடாதேங்கோ” என்றாள், சால்வையை இழுத்து மூடிக்கொண்டு.